காய்ந்த துளியும் பிளந்த கட்சியும்

இயந்திரத்துக்குப் பணிவிடை செய்கிறவனுக்கு நன்றி சொல்ல அந்த இயந்திரத்துக்கு வாய் இல்லை. அதன் சொந்தக்காரர்களுக்கு நேரம் இல்லை. லண்டனில் ஒரு பல்கலைக்கழக நிலவறையில், மூலக்கூறுகளை நிறுத்துப் பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு நான் எடுபிடி. போத்தல் கழுவுவேன், பம்புக்கு எண்ணெய் மாற்றுவேன், நைட்ரஜன் சிலிண்டர் பூட்டுவேன். நான் படித்ததும் எழுதியதும் துண்டுப்பிரசுரங்கள்தான். போத்தல் கழுவும் சகபாடிகளே, மிச்சம் உங்களுக்குப் புரியும்.

ஊசி முனையில்

பழைய முறையில் மூலக்கூறைச் சூடாக்கி, இலத்திரன்களால், அதாவது எலெக்ட்ரோன்களால், அடிப்பார்கள். புரதம் போன்ற மெல்லிய சாமான் அதில் பொடிப்பொடியாகும். எங்கள் இயந்திரத்தில் அது கரைந்திருக்கும் திரவத்தை ஊசி வழியே விட்டு, சில ஆயிரம் வோல்ட் கொடுப்போம். திரவம் பனிப்புகார் போலச் சிதறும். நைட்ரஜன் வீச, துளி காய்ந்து சுருங்கும். உள்ளே மின்னேற்றங்கள் நெருக்கடி தாங்காமல் ஒன்றையொன்று தள்ளும். துளி வெடித்து இன்னும் சிறிய துளிகளாகும். கடைசியில் புரதம் முழுசாக, தன்னந்தனியாக வெற்றிடத்துக்குள் போய்ச் சேரும்.

இத்தனை வெடிப்பில் அது எப்படித் தப்புகிறது என்று கலாவிடம் கேட்டேன். மலேசியாவிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி. "நாம அத அடிக்கலையே அங்கிள். சுத்தியிருக்கற தண்ணிய மட்டும்தான் போக வைக்கிறோம்."

சவர்க்காரம்

ஒருமுறை போத்தல்களைச் சவர்க்காரம் போட்டு மினுங்க மினுங்கத் தேய்த்து வைத்தேன். அந்த வாரம் இயந்திரம் போத்தலில் ஒட்டியிருந்த சவர்க்காரத்தைத் தவிர வேறொன்றையும் காணவில்லை. ஊரில் நான் இருந்த இடதுசாரிக் கட்சியிலும் என்னைச் சுத்தவாதி என்றுதான் திட்டினார்கள். அதை நான் பட்டமாக எடுத்துக்கொண்டவன். ஆய்வகத் தலைவர், வெள்ளைக்காரர், மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "தயவுசெய்து இனிமேல் இவ்வளவு சுத்தம் வேண்டாம்."

சிலிண்டர்காரர்

நைட்ரஜன் கொண்டுவரும் லொறியை ஓட்டியவர் மகேந்திரன். யாழ்ப்பாணத்தில் நானும் அவரும் ஒரே பசை வாளியில் கைவிட்டுச் சுவரொட்டி ஒட்டியவர்கள். தேர்தலில் நிற்பதா என்ற கேள்வியில் கட்சி பிளந்தது. நிற்கலாம் என்றார் அவர். துரோகம் என்றேன் நான். பிளந்த பாதிகளும் பிறகு பிளந்தன. என் பாதியில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.

ஆர்ச்வே முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு வரும் நாத்திகர்கள் நாங்கள் இருவர்தான். வேறு வேறு வரிசையில் உட்காருவோம். வேலையிடத்தில் 'குட் மோர்னிங்', 'ஃபுல்', 'எம்ப்டி', அவ்வளவுதான். தமிழில் தொடங்கினால் தோழர் என்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிவரும். கலா ஒரு நாள் கேட்டே விட்டாள்: "ரெண்டு பேரும் தமிழ்தானே அங்கிள், ஏன் வெள்ளைக்காரன் மாதிரி பேசிக்கிறீங்க?"

ஜோடி

கலாவுக்கு ஒரு பிடிவாதம். தண்ணீரில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் இரண்டு புரதங்களை, பிடி விடாமலே இயந்திரத்துக்குள் கொண்டுவர வேண்டும். எப்போதும் தனித்தனியாகவே வந்தன. திரவத்தில் வழக்கமாகச் சேர்க்கும் அமிலத்தைத் தவிர்த்தாள், வோல்ட்டைக் குறைத்தாள், கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுமையோடு மாற்றிப் பார்த்தாள். ஒரு பிற்பகல் திரையில் ஜோடியின் எடை தெரிந்தது. தண்ணீரே இல்லாத இடத்தில் எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்றேன். "கொஞ்ச நேரம்தான் அங்கிள். பாக்கறதுக்கு அது போதும்."

கடைசிச் சிலிண்டர்

காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிரித்தெடுக்கும் இயந்திரம் வாங்கினார்கள். இனி மகேந்திரனின் லொறி வராது. என் துண்டுப்பிரசுரங்களைப் படித்த மனிதர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். கடைசி நாள் இரண்டு கோப்பை ஊற்றி வைத்துவிட்டு, "மகேந்திரன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போமன்" என்றேன்.

சிலிண்டரைச் சுவரோடு சங்கிலியில் கட்டிவிட்டு நின்றார். "குடிப்பம் தோழர். ஆனால் தேர்தலில நிண்டது சரி எண்டு முதல்ல ஒத்துக்கொள்ளும்."

தோழர் என்றுவிட்டார். நானும் மெல்லத்தான் தொடங்கினேன். ஆனால் அந்தத் தேர்தலில் அவர்கள் கட்டுக்காசும் இழந்து தோற்றது என் வாயில் வந்துவிட்டது. தேநீர் ஆறும்வரை, இத்தனை வருடத்துக்குப் பிறகு, தமிழில் சண்டை பிடித்தோம். நல்ல சண்டை. அவர் குடிக்காமலே லொறியில் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடியை இறக்கி, "நீர் கொஞ்சமும் மாறேல்லை ஐசே" என்றார்.

அடுத்த வெள்ளியும் அதற்கடுத்த வெள்ளியும் கோயிலில் அவரைக் காணவில்லை. அவர் வாதத்துக்கு மூன்று பதில் தயாராக வைத்திருக்கிறேன், காற்றிலிருந்து நைட்ரஜன் எடுக்கும் இயந்திரத்துக்கு அதைக் கேட்கக் காது இல்லை.