சக்கரத்துக்கு அடியில் ஆடுகள்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டாம். கயத்தாறுப் பக்கம் வரிசையாக நிற்கிற காற்றாலைகளை, ஐந்தாம் வகுப்பு முடிக்கிற வரைக்கும், கவர்மெண்டு வைத்த ஃபேன்கள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் கரிசல் காட்டில் வெயில் அதிகம், ஜனங்கள் பாவம், அதனால் ஃபேன் போட்டிருக்கிறார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆடி மாதத்துக் காற்று கண்ணில் மண்ணை வாரிப் போடும்போது, எவனோ ரெகுலேட்டரை அஞ்சில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான் என்று திட்டியும் இருக்கிறேன்.

இவ்வளவு அறிவோடுதான் நான் ஒரு விமானத்துக்குச் சாட்சி சொல்லப் போனேன்.

விமானம் என் மாமாவுடையது. அம்மாவுக்குத் தம்பி. கோவில்பட்டி போகிற ரோட்டில், மருந்தடிக்கிற ஸ்பிரேயரும் ஆயில் என்ஜினும் ரிப்பேர் பார்க்கிற பட்டறை வைத்திருந்தார். வேலையில்லாத நேரமெல்லாம் அலுமினியக் குழாயை வளைத்து, அதன் மேல் துணியை இழுத்துத் தைத்து, ஸ்கூட்டர் சக்கரங்களை மாட்டி, ஒரே ஒரு ஆள் உட்காருகிற மாதிரி ஒரு விமானத்தைக் கட்டிவிட்டார். இறக்கை அமைந்துவிட்டது, வாலும் அமைந்துவிட்டது. என்ஜின்தான் அமையவில்லை. இதற்கென்றே வெளிநாட்டில் என்ஜின் செய்கிறார்களாம். அதை வாங்குவதற்குப் புஞ்சையை விற்க வேண்டும். ஆகவே மாமா, ஊருக்குள் கிடைக்கிற என்ஜின்களையே பெண் பார்க்கக் கிளம்பினார். அவர் வருவதைக் கண்டால் சிலர் பைக்கை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்கள்.

முதலில் வந்தது மொபட் என்ஜின். எடை குறைவு, அடக்கமானது. ஓடவிட்டதும் பட்டறை முழுக்கப் புகை. விமானம் அசையவில்லை, கொசுக்கள் மட்டும் செத்தன. அடுத்து ஒரு பெரிய மோட்டார் சைக்கிளின் என்ஜின். அதற்குச் சக்தி இருந்தது, கூடவே நடுக்கமும் இருந்தது. விமானம் நகர்வதற்கு முன்னால் போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று நகர்ந்தன. கோழிகள் அவற்றைக் கொத்திப் பார்த்து ஏமாந்துபோயின.

"பேசாம ஆயில் என்ஜினை வைங்க அண்ணாச்சி, நின்னு இழுக்கும்" என்று டீக்கடையில் ஒருவர் யோசனை சொன்னார்.

"ஆமா, நின்னுக்கிட்டேதான் இழுக்கும். அதைத் தூக்கவே நாலு ஆளு வேணும். அது எங்க வே நம்மளத் தூக்குதது?" என்றார் மாமா.

கடைசியில் அவர் பார்வை, வீட்டு வாசலில் நின்ற சின்னக் காரின் மேல் விழுந்தது. அது அத்தைக்குப் பிறந்த வீட்டில் சீராகக் கொடுத்த கார். அத்தை பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைப்பதில் பேர் வாங்கியவர். அவரிடம் மாமா எப்படிச் சம்மதம் வாங்கினார் என்பது இன்றுவரை எங்கள் குடும்பத்துக்கு விளங்காத விஷயம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரின் முன்மூடி திறந்து, என்ஜின் சங்கிலியில் தொங்கியது. குடல் எடுத்த காரில் உட்கார்ந்து நான் வாயாலேயே மதுரை வரை ஓட்டிப் பழகினேன்.

கார் என்ஜின் அவசரக்காரன். முன்னால் மாட்டுகிற மரக் காற்றாடியோ நிதானமாகச் சுற்றினால்தான் காற்றைப் பிடிக்கும். இருவருக்கும் நடுவில் சின்னதும் பெரியதுமாக இரண்டு புல்லிகளும் ஒரு பெல்ட்டும் போட்டு மாமா சமாதானம் செய்து வைத்தார். முதல் முறையாக அது ஓடியபோது பட்டறைக் கூரையின் தகரம் எழுந்து உட்கார்ந்தது. நான் பின்னால் நின்றிருந்தேன். என் டவுசர் படபடத்ததில் எனக்கே இறக்கை முளைத்துவிட்டதாகத் தோன்றியது.

பிறகு காற்று பிடித்துக்கொண்டது. நாள் தவறாமல் பேய்க் காற்று. வெள்ளோட்டம் தள்ளிக்கொண்டே போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. நேராகக் காற்றாலைக்குப் போனேன். அங்கன ஒரு காவல்காரர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, எங்க மாமா பிளேன் விடப் போறாவ. ரெகுலேட்டரைக் கொஞ்சம் குறைச்சு வையுங்க."

அந்த மனுஷர் சிரிக்கவேயில்லை. "மேலிடத்துல கேட்டுட்டு வைக்கேன், நீ போ" என்றார்.

மறுநாளே காற்று இறங்கிவிட்டது. சும்மா இருப்பேனா? ஊர் முழுக்கச் சொன்னேன். அன்றிலிருந்து என் பேர் 'ரெகுலேட்டர்' ஆயிற்று.

எங்கள் கண்மாய் அப்போது வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மாமா ஒரு கீதாரியைக் கெஞ்சி, அவருடைய செம்மறிக் கூட்டத்தை நடுவில் மேலும் கீழுமாக நடக்கவிட்டார். ஆட்டுக் குளம்புகள் மண்ணை மிதித்துப் பொடியாக்கி வெடிப்புகளை மூடின. எங்கள் ஊர் ரன்வே அது.

வெள்ளோட்டத்தன்று காலையில் ஊரே கரையில் கூடியது. அப்போது எல்லோர் முன்னாலும் அத்தை கணக்கைத் தெளிவாகப் போட்டார்.

"சக்கரம் தரையை விட்டுத் தூக்கணும். தூக்குச்சுன்னா இந்த என்ஜின் உங்களுக்கு. அப்புறம் எவ்வளவு உசரம் வேணும்னாலும் போங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். தூக்கலன்னா அது காருக்குள்ள திரும்பிரணும். குழாயெல்லாம் என் பாகற்கொடிக்குப் பந்தல்."

"சரி" என்றார் மாமா. "தூக்குச்சா இல்லையான்னு மருமகன் தரையில படுத்துப் பாத்துச் சொல்லட்டும்."

"யாரு, ரெகுலேட்டரா? நல்ல சாட்சி!" என்றார் அத்தை. கரை முழுக்கச் சிரிப்பு. "நானும் படுக்குதேன்."

கஞ்சி போட்ட சேலையோடு டீச்சர் கரிசல் மண்ணில் குப்புறப் படுத்ததை அன்றுதான் ஊர் பார்த்தது. நான் பக்கத்தில் படுத்தேன். கன்னத்தில் மண் இன்னும் ராத்திரிக் குளிர்ச்சியோடு இருந்தது.

தூரத்தில் என்ஜின் கத்தியது. புழுதி எழும்பி, அதற்குள்ளிருந்து விமானம் ஓடி வந்தது. சக்கரங்களின் கடகட சத்தம் மண் வழியாக என் பல்லுக்கே வந்தது. துணி இறக்கை ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது. எங்களை நெருங்கும்போது, திடீரென்று கடகட சத்தம் நின்றுவிட்டது. என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மண் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டது. சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம். கோடு அகலமானது. அந்த இடைவெளிக்குள் எதிர்க்கரையில் நின்ற ஆடுகள் தெரிந்தன. கால் தெரிந்து, வயிறு தெரிந்து, கடைசியில் முழு ஆடாகவே தெரிந்தன. அத்தை வீட்டு வாசலில் நின்று, காய்கறி வாங்கப் போய்வந்த என்ஜின், என் மாமாவை ஆடுகளுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தது. அத்தையின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. வளையல் சதைக்குள் இறங்கியது, அதுகூட அப்போது வலிக்கவில்லை.

மறுபடி கடகட. கரைக்கு முன்னால் விமானம் நின்றது. மாமா இறங்கி ஓடி வந்தார். முகமெல்லாம் புழுதி, அதில் பல்லும் கண்ணும் மட்டும் வெள்ளை. என்னைப் பார்க்கவில்லை. அத்தையைத்தான் பார்த்தார்.

"என்ன, தூக்குச்சா?"

அத்தை எழுந்து சேலையைத் தட்டினார். நன்றாகத் தட்டிமுடித்துவிட்டுச் சொன்னார்.

"தூக்கல."

நான் குதித்தேன். "மாமா, தூக்குச்சு! ஆடு தெரிஞ்சுது! முழு ஆடு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "ஏலே ரெகுலேட்டரு, காத்தைக் குறைச்ச, இப்போ பிளேனைத் தூக்கிட்டியா?" என்று யாரோ கேட்க, கரை சிரித்து ஓய்ந்தது. கரையிலிருந்து பார்த்தவர்களுக்குப் புழுதிதான் தெரிந்திருக்கிறது. என் கட்சிக்கு ஆடுகளைத் தவிர சாட்சி இல்லை.

மாமா அத்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "சரி" என்றார். முன்பு சொன்ன அதே "சரி". அந்த வாரமே என்ஜின் காருக்குள் போயிற்று. அந்த வருஷம் பாகற்காய் அமோகமாகக் காய்த்தது, எனக்குத்தான் கசந்தது.

என் மணிக்கட்டில் வளையல் பதிந்த தடம் சாயங்காலம் வரை இருந்தது. எழும்பாத விமானத்துக்கு எதற்கு இவ்வளவு இறுக்கம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. தரையை விட்டு எழும்பியது, அதில் உட்கார்ந்திருந்த மனிதருக்குத் தெரியாமலா இருந்திருக்கும், பிறகு எதற்கு அத்தையிடம் கேட்டார் என்றும் தோன்றவில்லை. ஃபேனுக்கும் காற்றாலைக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு இதெல்லாம் எப்படித் தோன்றும்?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மக்காச்சோளத்துக்கு டிரோன் வைத்து மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா வரப்பில் நின்று, கழுத்து வலிப்பதும் தெரியாமல் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. காரில் அத்தையும் நானும் இருந்தோம். அதே கார், அதே என்ஜின். மெதுவாகக் கேட்டேன்.

"அத்தை, அன்னைக்கு நீங்களும் பாத்தீங்கல்லா?"

அத்தை, வரப்பில் நின்றவரிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாத்ததுனாலதான் அப்படிச் சொன்னேன்."