காதி பதவிக்கு இரண்டு பேர்

எங்கள் நாட்டில் நீதிபதியை யாரும் வாக்களித்துத் தெரிவு செய்வதில்லை. முஸ்லிம்களாகிய எங்கள் கலியாண வழக்குகளை விசாரிக்கும் காதியும் அப்படித்தான். விண்ணப்பம் கொழும்புக்குப் போகும், நியமனம் கொழும்பிலிருந்து வரும். ஆனால் இதைப் புத்தளத்தில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பழைய காதியின் காலம் முடிந்த வருடம் எங்கள் பகுதியில் நடந்த பிரசாரம் பிரதேச சபைத் தேர்தலுக்குக்கூட நடக்கவில்லை. போஸ்டர் ஒட்டாததுதான் குறை.

போட்டியில் இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். மென்மையாகக் கதைப்பார், ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மற்றவர் உப்பளக்காரர், சிரிப்பதற்கும் காசு கேட்பார் போன்ற முகம். பள்ளிவாசல் நிர்வாக சபையின் சிபாரிசு கிடைத்தால் பதவி கைக்கு வந்துவிடும் என்று இருவரும் நம்பினார்கள். என் வாப்பா அந்தச் சபையில் இருந்தார். அதனால் இருவரும் மாறி மாறி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது நான்.

என் வழக்கு அப்போது கிடப்பில் கிடந்தது. கணவனிடமிருந்து விவாகரத்துக் கேட்டு நான் போட்டிருந்த பஸஹ் மனு. புதிய காதி வரும்வரை சட்டப்படி நான் அந்த மனிதனின் மனைவி. அவனும் அதை மறக்கவிடாமல், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து போகும்போதெல்லாம் எங்கள் கேற்றடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஹோர்ன் அடித்துவிட்டுப் போவான். அந்தச் சத்தம் கேட்டால் நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

எங்கள் பக்கத்தில் காதி நீதிமன்றம் என்றால் காதியின் வீடுதான். முன் ஹோலில் காதியும் மூன்று ஜூரிகளும் கதிரை போட்டு இருப்பார்கள். சட்டத்தரணிக்கு அங்கே இடமில்லை. நடந்ததை நாமே வாய் திறந்து சொல்ல வேண்டும். ஆகவே ஆண்கள் மார்க்க அறிவு, நேர்மை என்று வேட்பாளர்களை அளந்துகொண்டிருந்தபோது, பெண்கள் நாங்கள் அவர்களின் வீடுகளை அளந்தோம். ஹோலுக்குக் கதவு இருக்கிறதா? உள்ளே கதைப்பது வெளியே கேட்குமா? எல்லாவற்றையும்விட, காதியின் மனைவிக்கு வாய் எப்படி?

உப்பளக்காரரின் மனைவி வேலியோரம் நின்றுகூட யாருடனும் கதைக்காதவர். அதிபரின் மனைவி காதில் காலையில் விழுந்தது பின்னேர அஸர் தொழுகைக்கு முன் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவர்கள் வீட்டில் ஹோலையும் குசினியையும் பிரிப்பது ஒரு திரைச்சீலை மட்டும்.

"வாப்பா, உப்பளக்காரருக்குக் கை தூக்குங்க" என்றேன்.

"அந்தச் சிடுமூஞ்சிக்கா? ஏன் மகள்?"

"அதிபர்ட பொஞ்சாதி இரிக்காங்களே. நான் சொல்லப்போறதெல்லாம் ஊர் முழுக்கப் போயிரும்."

வாப்பா சிரித்தார். "நாங்க காதியத் தெரிவு செய்றம், காதிட பொஞ்சாதிய இல்ல."

கணவன் அடிப்பான் என்பதற்கு மேல் வாப்பாவுக்கே நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மீதியைச் சொல்ல வாய் வராமல் எழுந்து போனேன். அன்று அவர்மீது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வாப்பா அதிபருக்கே கை தூக்கினார். நியமனமும் அவருக்கே வந்தது. சிபாரிசினால்தானா என்பது கொழும்புக்குத்தான் வெளிச்சம். அந்தச் சந்தோசத்தில் யாரோ வட்டிலப்பம் அனுப்பினார்கள். நான் தொட்டும் பார்க்கவில்லை.

விசாரணைக்கு வாப்பாவோடு போனேன். என் கணவன் எதிர்க் கதிரையில், வெள்ளைச் சேட்டும் தொப்பியுமாக, ஒன்றும் அறியாதவன் போல இருந்தான். அதிபர் தணிந்த குரலில் கேட்டார். "சொல்லுங்க மகள், பயப்பட வாணாம்."

திரைச்சீலைக்குக் கீழே ஒரு சோடிச் செருப்பும் கால்களும் தெரிந்தன. எனக்குக் கோபம் வந்தால் பயம் போய்விடும். அது பிறவிக் குணம்.

"சேர், உங்கட ஊட்டு மாமிக்கு நிண்டு கால் வலிக்கும். ஒரு கதிரை போடச் சொல்லுங்க. நான் சத்தமாவே சொல்றன்."

ஒரு ஜூரி இருமினார். கால்கள் அசையவில்லை. நான் சொன்னேன். சேட்டைச் சரியாக அயன் பண்ணவில்லை என்று சூடான அயனை என் கையில் வைத்து அழுத்தியதைச் சொன்னேன். மருந்துக்குப் போகவிடாமல் அறையில் போட்டுப் பூட்டியதைச் சொன்னேன். வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவன் எல்லாம் பொய் என்றான். பூட்டைத் திறந்துவிட்ட பக்கத்து வீட்டு ராத்தா சாட்சி சொன்னார். சில தவணைகளுக்குப் பிறகு பஸஹ் கிடைத்தது. அதிபர் நேர்மையாகத்தான் நடந்தார். அந்த விசயத்தில் வாப்பா சரி.

மனைவி விசயத்தில் நான் சரி. முதல் விசாரணை நடந்த அன்றைக்கே மஃரிப் தொழுகைக்கு முன் ஊருக்கே தெரிந்துவிட்டது. வாசலுக்கு வந்த மீன்காரர்கூட மீனைக் கொடுக்கும்போது என் கையைத்தான் பார்த்தார். வெட்கத்தில் பல நாள் அழுதேன். அந்த மனுசியை இன்னும் நான் மன்னிக்கவில்லை. கண்டால் ஸலாம் சொல்வேன், அதோடு சரி.

பஸஹ் கிடைத்துச் சில மாதங்களில், ஒரு பகல் வேளை, முன்பின் தெரியாத ஒரு பெண் முந்தல் பக்கமிருந்து வந்தார். வாப்பா கடைக்குப் போயிருந்தார். வந்தவர் கதிரை நுனியில் இருந்தார், கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை.

"மகள், என்ட புள்ளைக்கு உங்கட முந்தின மாப்பிள்ளையப் பேசி இரிக்கி. நிக்காஹ்வுக்கு நாளும் வெச்சாச்சி. எங்கட சொந்தக்காரி ஒராள் காதிட பொஞ்சாதி சொல்லி ஏதோ கேள்விப்பட்டதாச் சொன்னா. அவங்க ஊட்டாக்கள் எல்லாம் கட்டுக்கதை எண்டுறாங்க. நான் யார நம்புற?"

ஆண்கள் இருந்த விசாரணையில் அந்தத் தழும்பைக் காட்டும்படி யாரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. இப்போது சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினேன். அயனின் கூர்முனை தோலில் அப்படியே பதிந்திருக்கும். அவர் எழுந்து வந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து, என் பக்கத்தில் நின்றபடியே தன் கணவனுக்கு எடுத்தார்.

"நிக்காஹ் இல்ல" என்றார். "மண்டபத்துக்குச் சொல்லிருங்க."