பேரிக்காய் டாக்டர்

நான் அதிகம் படித்தவன் இல்லை. வட்டவளைப் பக்கம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலும், பிறகு ஹட்டனிலுமாகச் சாதாரண தரம் வரை படித்தேன். சிங்களம் என்றால் கடையில் விலை கேட்கவும் பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சொல்லவும் தெரியும். அப்படிப்பட்ட என்னைத்தான் எங்கள் சபை நுவரெலியாவில் இருந்த ஒரு மொழிப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பியது. சிங்களக் கிராமங்களில் ஊழியம் செய்ய வாலிபர்கள் வேண்டும் என்று போதகர் கேட்டபோது நானாகவே எழுந்து நின்றேன். அப்போது கல்யாணம் ஆகவில்லை. கர்த்தர் அனுப்பினால் மொழியையும் அவரே தருவார் என்று நம்பினேன். இன்றைக்கும் அந்த நம்பிக்கை உண்டு. ஆனால் அவர் அதை எவ்வளவு மெதுவாகத் தருவார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நிலையம் என்பது வாடகைக்கு எடுத்த ஒரு பழைய பங்களா. விடியற்காலையில் எழுந்து முகம் கழுவினால் தண்ணீர் பட்ட இடமெல்லாம் விறைத்துப் போகும். ஜெபம், பிறகு ரொட்டியும் சம்பலும், பிறகு மத்தியானம் வரை வகுப்பு. காலை ஜெபம் முடிந்ததிலிருந்து மாலை ஜெபம் வரை யாரும் தமிழ் பேசக் கூடாது என்பது சட்டம். வாய் தவறித் தமிழ் பேசியவர் எல்லாருடைய தேநீர்க் கோப்பைகளையும் கழுவ வேண்டும். அந்தக் குளிரில் அது பெரிய தண்டனை. பெரும்பாலும் நான்தான் கழுவினேன்.

என் அறையில் இருந்தவர் ஹட்டன் டவுனில் துணிக்கடையில் வேலை செய்தவர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நான் குழாயடியில் நிற்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்று, "தம்பி, நீ ஊழியத்துக்கு வந்தியா, கோப்பை கழுவ வந்தியா?" என்று காதோடு காதாகக் கேட்பார். அதையும் தமிழில்தான் கேட்பார். ஆனால் ஒருநாளும் பிடிபட்டதில்லை.

எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்தவர் ஓய்வு பெற்ற ஒரு சிங்கள ஆசிரியை. ஆண்டவரை நேசித்தவர், தமிழும் நன்றாகப் பேசுவார். நாங்கள் பேச்சு பழகுவதற்காக டவுனுக்கு வெளியே சில சிங்கள வீடுகளில் அனுமதி கேட்டு வைத்திருந்தார். வாரத்துக்கு இரண்டு பின்னேரம் இரண்டு இரண்டு பேராகப் போவோம். பிரசங்கம் கூடாது, துண்டுப் பிரசுரம் கூடாது, அவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

அண்ணனுக்கும் எனக்கும் கிடைத்தது, பெரிய வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸ் பயிரிட்ட தோட்டம் வைத்திருந்த ஒரு பௌத்தக் குடும்பம். புருஷன், மனைவி, பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரே மகள். அண்ணன் போனவுடனே வீட்டுக்காரரோடு தோட்டத்தில் இறங்கி, உர விலையிலிருந்து அரசியல் வரைக்கும் பேசுவார். நான் வீட்டுக்காரம்மாவோடு பின்பக்கத்துக் குழாயடியில் உட்கார்ந்து, அவர் லீக்ஸ் வேரை வெட்டிக் கழுவித் தர, கட்டுக் கட்டுவேன். அவரை நெந்தா என்று கூப்பிட்டேன். சிங்களத்தில் அத்தை என்று அர்த்தம். அவர் என்னை மல்லி, அதாவது தம்பி, என்பார்.

முதல் சில முறை நெந்தா என்னிடம் ஒன்றிரண்டு கேள்விகள் கேட்டுப் பார்த்தார். என் பதிலைக் கேட்டுச் சிரித்தார். இவனுக்கு ஒன்றும் விளங்காது என்று தெரிந்துகொண்ட பிறகு கேள்வி கேட்பதை விட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தார். கத்தி ஓடும், வாயும் ஓடும். சில நேரம் குரல் இறங்கிவிடும். சில நேரம் கையை ஸ்வெட்டருக்குள் விட்டு அக்குள் பக்கம் பிடித்துக்கொண்டு, முன்னால் நின்ற பேரிக்காய் மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். குளிருக்கு அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பேச்சில் எனக்குப் பிடிபட்ட சொற்கள் கொஞ்சம்தான். மகள். பரீட்சை. சொல்ல வேண்டாம். அப்புறம் 'கெடிய'. கெடிய என்றால் பழம் என்று பாடத்தில் படித்திருந்தேன். மாம்பழத்துக்கும் கெடியதான், அன்னாசிக்கும் கெடியதான். கெடிய ஒன்று வந்திருக்கிறது என்று அவர் மரத்தைப் பார்த்துச் சொன்னால் வேறு என்னவென்று நினைப்பது? மரம் காய்க்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்து, "ஹொந்தாய் நெந்தா, ஹொந்தாய்" என்பேன். நல்லது அத்தை, நல்லது.

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்ப்பார். பிறகு மறுபடியும் பேசுவார். நான் போகும் நேரத்தில் முகம் கொஞ்சம் லேசாகியிருக்கும். என்னால் அந்த வீட்டுக்கு ஏதோ ஆறுதல் கிடைக்கிறது என்று மாலை ஜெபத்தில் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்கூடச் சொன்னேன்.

ஒருநாள் வகுப்பில் எங்களில் ஒருவருக்குக் கழுத்தில் கட்டி வந்து வீங்கியிருந்தது. டீச்சர் அதையே பாடமாக்கிவிட்டார். பலகையில் எழுதி எங்களைச் சொல்லச் சொன்னார். கெடிய ஒன்று வந்திருக்கிறது. நெந்தா சொன்ன அதே வாக்கியம்.

சட்டத்தை மறந்து தமிழிலேயே, "டீச்சர், கெடியன்னா பழம் இல்லையா?" என்று கேட்டேன்.

"பழமும் கெடியதான், கட்டியும் கெடியதான். எங்கே வருதுன்னு பார்த்து விளங்கிக்கணும்" என்றார் டீச்சர். பிறகு, "கோப்பை உங்களுக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

குழாயடியில் நின்று அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். மார்புப் பக்கம் கட்டி வந்திருக்கிறது. மகளுக்குப் பரீட்சை. சொல்ல வேண்டாம். ஸ்வெட்டருக்குள் போன கை. தண்ணீர் சில்லிட்டதுகூட எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை போனபோது, அகராதியில் தேடிப் பாடம் பண்ணிய வாக்கியத்தை அவரிடம் சொன்னேன். "நெந்தா, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்." வேறு எப்படிச் சொல்வது? நானோ வயசுப் பையன், அதுவும் வேறு இனம், வேறு மதம். ஒரு தாயிடம் அவருடைய மார்பைப் பற்றிப் பேசுவதற்குத் தமிழில்கூட எனக்கு வாய் வந்திருக்காது. நெந்தாவின் கத்தி நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். பூட்டிய வீட்டுக்குள் ஆளைக் கண்டவரின் பார்வை அது. அதற்குப் பிறகு அன்றைக்கு மழையைப் பற்றி மட்டும் பேசினார்.

நான் டீச்சரிடம் சொன்னேன். அவர் பதறிப்போய் அடுத்த நாளே அந்த வீட்டுக்குப் போனார். ஆனால் டீச்சர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். "ஐயோ மகனே, அவங்க பேரிக்காயைத்தான் சொல்லியிருக்காங்க. என்னைக் கூட்டிட்டுப் போய் மரத்தையே காட்டினாங்க. இந்த மல்லிக்குச் சிங்களம் இன்னும் வரல்ல, நல்லாப் படிச்சுக் கொடுங்க டீச்சர்னு சொல்லி ஒரே சிரிப்பு."

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் எனக்குப் பெயர் பேரிக்காய் டாக்டர். "டாக்டர் வாறாரு, வழி விடுங்க" என்பார்கள். "டாக்டர், எனக்கு வயித்துல ஒரு மாங்கா வந்திருக்கு, பாருங்களேன்" என்பார் அண்ணன். நானும் சேர்ந்து சிரித்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எதிர்காலத்தையும் இறந்த காலத்தையும் மாற்றிப் பேசுகிற என்னை நம்புவதா, ஒரு சிங்களத் தாய் தன் சொந்த மொழியில் சொன்னதை நம்புவதா?

அதற்கடுத்த முறை, கட்டிய லீக்ஸை எல்லாம் அடுக்கி முடித்த பிறகு, நெந்தா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"மகளுக்குப் பரீட்சை முடியட்டும். முடிஞ்சதும் நான் போறேன். இப்ப சொன்னா அவ படிக்க மாட்டா. மல்லிக்கு விளங்குது தானே?"

விளங்குகிறது என்றேன்.

"அப்ப யார்கிட்டயும் பேசாதீங்க."

அந்த வீட்டில் எனக்கு முழுதாக விளங்கிய முதல் பேச்சு அதுதான். அதற்குப் பிறகு அவர் என்னிடம் தன் பாட்டுக்குப் பேசியதே இல்லை. லீக்ஸைக் கழுவித் தருவார், சாப்பிட்டாயா என்று கேட்பார். கை மட்டும் அடிக்கடி ஸ்வெட்டருக்குள் போகும்.

பரீட்சைக்கு மாதக்கணக்கில் இருந்தது. இரவில் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். "தம்பி, டீச்சர்கிட்டயே இல்லேன்னுட்டாங்க. இனி நீ மறுபடியும் போய்ச் சொன்னா யார் நம்புவா? புருஷன்காரன்கிட்ட சொல்லப் போறியா, உன் பொஞ்சாதி மார்ல கட்டின்னு? நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா, மதம் மாத்த வந்தவனுங்க வீட்டுக்குள்ள பூந்து என்னமோ பண்ணிட்டானுங்கன்னு நம்ம தலையிலதான் வந்து விடியும். ஜெபம் பண்ணு. நம்மளால ஆகுறது அதுதான்."

அவர் சொன்னதில் தப்பு என்று எதைச் சொல்வது? ஜெபம் பண்ணினேன். அந்த நாட்களில் அந்த மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் என்னைக் கண்டால், பாடத்தில் படித்த தமிழில் "வணக்கம் அண்ணா, நீங்கள் நலமா?" என்று கேட்பாள். நலம் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன். மாலை ஜெபத்தில் கர்த்தாவே, நீரே அந்தத் தாயின் மனதைத் திருப்பும் என்று கேட்பேன். அவர் திருப்பவில்லை, அல்லது எனக்குத் தெரியாத ஏதோ ஒரு விதத்தில் திருப்பினார். எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.

பரீட்சைக்கு முன்பே எங்கள் பயிற்சி முடிந்து, என்னைக் கீழ் நாட்டில் ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். அங்கே சிங்களம் தவிர வேறு பேச்சே இல்லாததால் வாய் திருந்தியது. பரீட்சை முடிந்துவிட்டது என்று பேப்பரில் பார்த்துவிட்டு, விடுமுறை கேட்டுக் கிளம்பினேன். அது கிடைக்கவே மூன்று நான்கு வாரம் ஆனது.

நெந்தா வீட்டில் மகள்தான் இருந்தாள். கடைசிப் பேப்பரை எழுதிவிட்டு வந்த அன்று, சோற்றைப் போட்டுக் கொடுத்து, அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அம்மா விஷயத்தைச் சொன்னாராம். இப்போது கண்டி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆனால் அக்குளுக்கும் பரவிவிட்டது, இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்கிறார்களாம். அப்பா அங்கேயே தங்கியிருக்கிறார். இதையெல்லாம் அவள் சிங்களத்தில், எனக்காக நிறுத்தாமல் வேகமாகச் சொன்னாள். எல்லாம் எனக்கு விளங்கியது.

பிறகு கேட்டாள். "அந்த மல்லிக்கு மட்டும்தான் முன்னமே தெரியும்னு அம்மா சொன்னாங்க. உண்மையா?"

உண்மை என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வாசல் தூணில் சாய்ந்து நின்று, ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அந்தப் பரீட்சையை நான் அடுத்த வருஷமும் எழுதியிருப்பேனே, அண்ணா."

அண்ணா என்பதை மட்டும் தமிழில் சொன்னாள். பிறகு அவளே அம்மாவின் வார்டு எது என்று சொன்னாள். நான் கண்டிக்குப் பஸ் ஏறக் கீழே இறங்கினேன்.