ராத்திரிப் பாதி

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இது என் அக்காவுக்கு நடந்தது. அக்காவுக்குப் பொய் வராது. சின்ன வயதில் பொய் சொல்ல வாயைத் திறந்தாலே சிரித்து மாட்டிக்கொள்வாள். இதைச் சொன்ன அன்று அவள் சிரிக்கவில்லை.

அந்தப் பெரிய நகரத்தில், ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் அவளுக்கு இரவு வேலை. யார் யாரோ படுத்த போர்வைகளை விடிய விடியத் துவைத்து மடிக்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு முழு அறை கனவிலும் கிடைக்காது. பாதி அறை கிடைத்தது. பாதி என்றால் இடத்தில் இல்லை, நாளில். பகல் முழுக்கக் கட்டில் அக்காவுக்கு. ராத்திரி வேறொருத்திக்கு.

அத்தான் விட்டுப் போனதிலிருந்து அவள் மகள் குட்டி என்னிடம்தான் வளர்ந்தாள். ஆறு வயது. "எப்பம்மா என்னைக் கூட்டிட்டுப் போவே?" என்று தினமும் போனில் கேட்பாள். அக்கா சாப்பிட்டாயா என்று கேட்பாள். முழு அறை எடுத்துப் பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

பாதி அறைக்காரர்களுக்கு என்று சில பழக்கங்கள் உண்டு. கிளம்பும்போது தலையணையைத் திருப்பிப் போட வேண்டும், அடுத்தவளுக்குச் சில்லென்ற பக்கம் கிடைக்கட்டும் என்று. அடுத்தவளைப் பற்றி வாட்ச்மேனிடம் மூச்சு விடக் கூடாது. வாடகை கொடுக்க முடியாமல் காலி செய்தவள் பழைய சாவியோடு வந்து படுப்பாள். காட்டிக் கொடுத்தால் நாளைக்கு நமக்கும் அதே கதிதான்.

அக்கா அந்த ராத்திரிக்காரியைப் பார்த்ததே இல்லை. ஆனால் காலையில் வரும்போது தலையணை திரும்பியிருக்கும். மெத்தையில் சூடு இருக்கும். ஓய்ந்துபோய் வருகிறவளுக்கு அந்தச் சூடு ஆறுதலாகக்கூட இருந்தது. வாளி மட்டும் எப்போதும் காய்ந்தே கிடக்கும். ராத்திரிக்காரியின் சோப்பு கரைவதே இல்லை. தலையணையில் ஒரு முடிகூடக் கிடையாது. சரியான சுத்தக்காரி என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

எதிர் அலமாரியில் ஒரு மஞ்சள் கவுன் இருந்தது. சின்னப் பிள்ளை போடுவது. ஓரத்தில் ஊசி குத்தியபடி. ஒவ்வொரு காலையும் தையல் கொஞ்சம் நகர்ந்திருக்கும். இவளுக்கும் எங்கேயோ ஒரு பிள்ளை இருக்கிறது என்று அக்காவுக்கு மனசு இளகிவிட்டது.

ஒரு நாள் ஓரம் பாதியில் நின்றது. நூல் தீர்ந்திருந்தது. அக்கா கடைக்குப் போய் ஒரு நூல்கண்டு வாங்கிவந்து கவுன் மேல் வைத்தாள். அதே நிறம் கிடைக்கவில்லை. கொஞ்சம் அழுத்தமான மஞ்சள்.

மறுநாள் காலையில் தையல் நாலு விரல் நகர்ந்திருந்தது.

கவுன் முடிந்த வாரம், அக்கா வாட்ச்மேனிடம் மெல்லக் கேட்டாள். "ராத்திரிப் பாதி எப்பவாவது காலியானா எனக்கே குடுங்கண்ணே."

"அது ஒரு வருஷமா காலிதாம்மா. வாடகை குறைச்சுத் தர்றேன், எடுத்துக்கோ."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. பழைய சாவி கேஸ். பாவம், போக்கிடம் இல்லாதவள். அக்கா அவளைப் பற்றி மூச்சு விடாமல் ராத்திரிப் பாதியையும் எடுத்துக்கொண்டாள். வந்தால் வரட்டும், குட்டிக்கும் துணையாச்சு என்று நினைத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

குட்டியை நானே கொண்டுபோய் விட்டேன். அன்று மாலை வேலைக்குக் கிளம்பும்போது அக்கா அவளிடம் சொன்னாள். "ஒரு அத்தை வருவாங்க. நல்லவங்க. பயப்படாதே." கதவை வெளியே பூட்டினாள். ராத்திரி முழுக்க அவளுக்கு வேலையே ஓடவில்லை.

காலை ஏழு பத்து. பூட்டு போட்டபடியே இருந்தது.

திறந்தாள்.

குட்டி சுவரோரம் ஒடுங்கித் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற அளவு இடம்...

அக்கா அங்கே கை வைத்தாள்.

சூடு.

குட்டியின் உடம்பில் மஞ்சள் கவுன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"யாரு போட்டு விட்டா?"

"அந்த அத்தை. நான் அழுதேனா... அவங்களும் அழுதாங்க."

"என்ன சொன்னாங்க?"

"வந்துட்டியான்னு கேட்டாங்க."

வாசலில் செருப்புச் சத்தம். ராத்திரிப் பாதியின் சாவியைக் கொடுக்க வாட்ச்மேன் வந்திருந்தார். குட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்தக் கவுன்..."

"ராத்திரி வர்ற பொண்ணு தைச்சது. அவளைத் திட்டாதீங்கண்ணே."

"தையல்காரியா?" அவர் குரல் இறங்கியது. "அவ இந்தக் கட்டில்லயே செத்து ஒரு வருஷம் ஆகுதும்மா. தைச்சுக்கிட்டு இருக்கும்போதே. பொண்ணைக் கூட்டிட்டு வரணும், முழு ரூம் குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பா. இதை அவ நெஞ்சு மேல வெச்சுத்தான் புதைச்சோம். அப்போ ஓரம் கொஞ்சம்தான் தைச்சிருந்தா..."

அக்கா கவுனின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

பாதி வரை வெளிர் மஞ்சள் நூல்.

மீதி, அவள் வாங்கி வைத்த நூல்.

அன்று மத்தியானமே குட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கவுனை மடித்து, தலையணையைத் திருப்பிப் போட்டு, அதன் மேல் வைத்துவிட்டு வந்தாளாம். இருட்டத் தொடங்கியதும் அழ ஆரம்பித்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"பயம் இல்லடி" என்றாள். "அவ பொண்ணு வந்துட்டான்னு நினைச்சிருக்கா. இப்போ வந்து கட்டிலைத் தடவிப் பார்ப்பாளே..."