வக்கீலின் ஈர ராணி

மருந்துக்கடையில் நின்று நின்றே கால் வீங்கிப்போனவள் அவள். சதுரங்க மன்றத்தில் எல்லோருக்கும் ‘மருந்தக்கா’. அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர் வக்கீல். ரேட்டிங்கில் அவளைவிட எங்கேயோ மேலே இருந்தவர், மன்றத்தின் பெரிய தலை.

உட்கார்ந்ததுமே நகத்தைக் கடிக்க ஆரம்பித்தார். கடித்த துணுக்கை மேசை ஓரத்தில் துப்பினார். எச்சில் காயாத விரலாலேயே காய்களை நகர்த்தினார். மருந்தக்கா நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவருடைய சிப்பாய் ஒன்று சும்மா கிடைத்தபோதுகூட அதைத் தொடக் கை கூசி, வேறெதையோ ஆடித் தொலைத்தாள். அதன் பிறகு ஆட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

“நிதானமா யோசிச்சு ஆடும்மா. எனக்கொண்ணும் அவசரமில்ல,” என்றார் வக்கீல், இன்னொரு துணுக்கைத் துப்பியபடி.

போயும் போயும் இந்த எச்சிலுக்குப் பயந்தா தோற்பது என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. வக்கீல், ஓரமாக நின்ற அவளுடைய சிப்பாயை வெட்டும் ஆசையில் ராணியை அனுப்பினார். மருந்தக்கா குதிரையைத் தாவவிட்டாள். ராஜாவுக்குச் செக், ராணிக்கும் குறி. ராஜா விலகியதும், ஈரம் மினுங்கிய ராணியை வெறும் விரலால் எடுத்துத் தன் பக்கம் வைத்தாள். சற்றுநேரத்தில் வக்கீல் தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினார். அந்தக் கையையும் குலுக்க வேண்டியிருந்தது.

மன்றச் செயலாளர் வேறு யாருமல்ல, அவள் கணவர்தான். டீ குடிக்கும் இடத்தில் வக்கீல் அவர் தோளில் கையைப் போட்டார்.

“உங்க வீட்டுக்காரம்மா ஆச்சே. போனாப் போகுதுன்னு விட்டுக்குடுத்துட்டேன்.”

“உங்களுக்குப் பெரிய மனசு சார்,” என்று கணவர் இளித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

“எந்த இடத்துல விட்டுக்குடுத்தீங்க சார்?” என்றாள் மருந்தக்கா. “பலகை அங்கதான் இருக்கு. வந்து காட்டுங்க.”

வக்கீல் டீயை உறிஞ்சினார். “அதெல்லாம் எதுக்கும்மா இப்ப.”

கணவர் அவளைத் தனியே இழுத்துப்போனார். “சும்மா இரேன். இந்த ஹாலே அவர் சொல்லித்தான் கிடைச்சிருக்கு.”

“நான் நெசமாத்தான் ஜெயிச்சேன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும். பின்னால நின்னு பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். அதுக்காக அவர் மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா?”

அவள் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினாள். எச்சில் போயிற்று. கணவரின் இளிப்பு மட்டும் போகவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கணவர் தன் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார். அவள் நிற்காமல் முன்னால் போய், மீன்கூடையை மடியில் வைத்திருந்த ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.