பவழ பங்களாவுக்குப் பட்ட கண்

ராயபுரத்தில் பவழ பங்களாவைத் தெரியாதவர் கிடையாது. அங்கே பாத்திரம் தேய்த்த கெங்கம்மாதான் அமாவாசைக்கு அமாவாசை எஜமானி ஜானகிக்கு உப்பு மிளகாய் சுற்றித் திருஷ்டி கழிப்பாள். வாய் "ஊர் கண்ணு, உறவு கண்ணு" என்று முணுமுணுக்கும். கண் மட்டும் ஜானகியின் வைரத்தோட்டை விட்டு நகராது. இவளுக்கு மட்டும் இன்னா வாழ்வு!

சுதந்திரம் வந்த மறுவருஷம் பங்களா விலைபோனது. வாங்கிய மண்டிக்காரர் இடிப்பாரோ, கிடங்காக்குவாரோ, யாருக்கும் தெரியவில்லை. ஜானகி கிளம்பும் நாளில் கடைசியாகச் சுற்றி, மிளகாயை அடுப்பில் போட்டாள் கெங்கம்மா. கொஞ்சங்கூட நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் பலத்த கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

"எந்தப் பாவி கண்ணோ!" என்று ஜானகி அழுதாள்.

"வெளங்குவாளா அவ!" என்றாள் கெங்கம்மா.

மறுநாள் மண்டிக்காரர் மனைவி தங்கபுஷ்பம், காதில் தங்கப் பாம்படம் ஆட வந்து இறங்கினாள். கெங்கம்மா அதையே பார்த்தாள்.

"இந்த வூட்டு மேல ரொம்பக் கண்ணு கீதும்மா. அமாவாசைக்கு நானே சுத்திப் போடறேன்."