தூரக்கோளும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். மாடிக் கட்டடங்களில் லிப்ட் பாதியில் நின்றால் இவருக்குத்தான் போன் வரும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்திக் கூப்பாடு போடுவார்கள். இவர் கதவுக்கு வெளியே நின்று, பக்கத்து வீட்டுக்காரரை விசாரிப்பது போல, சாப்பிட்டாச்சா என்று கேட்பார். அப்படிப்பட்ட நிதானஸ்தரை ஆட்டிப்படைக்க ஒன்றால்தான் முடியும். அது 'தூரக்கோள்' என்கிற டிவி தொடர்.

ஒரு விண்கப்பலின் கதை அது. இவர் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்தில் ஆரம்பித்தது. கப்பலை மாற்றினார்கள், கேப்டனை மாற்றினார்கள், தொடர் மட்டும் ஓய்ந்தபாடில்லை. புதிதாக ஒன்று வரும்போதெல்லாம் இவரும் இவருடைய மூன்று கூட்டாளிகளும் அதைக் கரித்துக்கொட்டுவார்கள். அதற்கும் அடுத்தது வந்துவிட்டால், நேற்றுவரை திட்டியது ஒரே நாளில் பொற்காலமாகிவிடும். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கூட்டாளிகள் ஒரு பல் டாக்டர், ஒரு டெய்லர், ஒரு வேதியியல் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை கிளினிக்குக்கு விடுமுறை என்பதால், மதியம் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். மற்ற நாட்களில் போனில் குழு. எந்தச் சண்டைக்கும் கடைசித் தீர்ப்பு இவருடையதுதான். அதனால் இவருக்குக் 'கமாண்டர்' என்று பெயர். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றச் சொன்னால் மட்டும் கமாண்டர் காதில் விழாது.

இந்த வருஷம் வந்த புதிய தூரக்கோளில் கேப்டன் ஒரு அறுபது வயதுப் பெண்மணி. முழங்கால் வலி வேறு. முன்னோட்டம் பார்த்ததுமே நாலு பேரும் கொதித்துப் போனார்கள். யாரும் பார்க்கக் கூடாது, ஒவ்வொரு பார்வையும் தொடர் எடுக்கிற கம்பெனிக்காரன் கணக்கில் ஏறும் என்று தீர்மானம் போட்டார்கள். ஆனால் பார்க்காமல் எப்படித் திட்டுவது? வாத்தியார்தான் வழி சொன்னார். ஒருத்தர் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டியது, மற்றவர்கள் அதை வைத்துத் திட்ட வேண்டியது. ஊருக்காக விஷம் குடிக்கிற அந்தப் பொறுப்பு கமாண்டர் தலையில் விழுந்தது. இவரும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், லிப்ட் மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து, போனில் பார்த்துப் பார்த்து வசை எழுதி அனுப்பினார்.

நாலாவது வாரம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். கப்பலில் லிப்டைப் பழுது பார்க்க ஒரு சின்னப் பெண் வருகிறாளாம். "குழிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி மெயினை ஆஃப் பண்ணி, ஆள் வேலை செய்றாங்கன்னு போர்டு மாட்டறாம்மா. இத்தனை வருஷத்துல அந்தக் கப்பல்ல ஒருத்தன் லிப்டுக்கு எண்ணெய் போட்டு நான் பாத்ததில்ல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அப்புறம்தான் என்ன பேசிவிட்டோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் குளியலறையில் புதிய தொடரின் முகப்பு இசையை முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது. பிடிச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டுப் போங்களேன் என்றேன். மனுஷன் ஆடிப்போய்விட்டார். முன்பு அந்தக் குழுவில் ஒரு போட்டோக்காரர் இருந்தார். போன தூரக்கோளைப் பற்றி "அவ்வளவு மோசமில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அன்றோடு அவருக்குத் தண்ணீர் தெளித்துவிட்டார்கள். இன்றைக்கும் தெருவில் அவரைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். இவருக்கோ அந்த மூன்று பேரை விட்டால் வேறு நண்பர்கள் கிடையாது. கால் முறிந்து கிடந்தபோது முறைவைத்து வந்து கூட இருந்தவர்கள் அவர்கள்தான். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவமாக ஒரு பக்கம்.

ஆகவே இவர் அந்தப் பெண்ணைப் பற்றி மூச்சு விடாமல், சீருடைப் பொத்தான் சரியில்லை, கேப்டன் தலைமுடி சரியில்லை என்றே எழுதினார். அவர்களும் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார்கள். கடைசி வாரத்தில் கரண்ட் போய், லிப்ட் பாதி வழியில் நின்று, அந்தப் பெண் அதற்குள் மாட்டிக்கொள்கிறாள். கேப்டன் முழங்காலைப் பிடித்தபடி படிப்படியாக இறங்கி வருகிறாள். அதோடு 'தொடரும்' போட்டுவிட்டான். அன்று இவருக்குச் சோறு இறங்கவில்லை. குழுவுக்குத் தலைமுடியைப் பற்றி மட்டும் எழுதினார்.

அடுத்த வாரமே செய்தி வந்தது. பார்க்க ஆளில்லாததால் புதிய தூரக்கோளை நிறுத்திவிட்டார்களாம்.

வெற்றியைக் கொண்டாட டாக்டர் கேக் வாங்கி, குடும்பத்தோடு வரச் சொன்னார். போனேன். பல் பிடுங்கும் நாற்காலிக்குப் பக்கத்து மேஜையில் கேக் இருந்தது. ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. கத்தியை எடுக்கவும் ஆளில்லை. கடைசியில் டெய்லர்தான் வாயைத் திறந்தார்.

"அந்தப் பொண்ணு உள்ளேயே கிடக்குதே, அவளை வெளியே எடுத்துருவாங்களா?"

இவர் சட்டென்று நிமிர்ந்தார். "எந்தப் பொண்ணு? நான் எழுதவே இல்லையே."

டெய்லர் தரையைப் பார்த்தார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். வாத்தியார் அசடு வழியச் சிரித்தார். குட்டு வெளிப்பட்டுவிட்டது. மூன்று பேரும் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்திருக்கிறார்கள். கணக்கில் ஏறிவிடக் கூடாதே என்று திருட்டுப் பிரதியில் பார்த்திருக்கிறார்கள். இவர்களைப் போல இன்னும் எத்தனை குழுக்களோ. பிடித்திருந்த தொடரைப் பிடிக்காத மாதிரி பார்த்தே ஒழித்துக் கட்டிவிட்டார்கள்.

பிறகு இவர் கேக் பெட்டியின் மூடியைத் திருப்பிப் போட்டு, பேனாவால் லிப்ட் குழியைப் படம் வரைந்தார். "மேலே மோட்டார் ரூமுக்குப் போய், பிரேக்கைக் கையால கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தி, லிப்டை அடுத்த மாடிக்கு இறக்கணும். கதவைத் திறந்தா அவ வந்துருவா. பத்து நிமிஷ வேலை" என்றார். மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற அதே குரல். மூவரும் மூடியின் மேல் குனிந்திருந்தார்கள். அந்த நிமிஷம் என் புருஷனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்தப் பெண் வெளியே வந்ததும் நானே கேக்கை வெட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் இவர் போனைப் பார்த்தபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னங்க ஆச்சு என்றேன். கமாண்டர் சொன்ன முடிவு சரியில்லை என்று டெய்லர் எழுதியிருக்கிறாராம். பழைய தூரக்கோளில் கேப்டன்தான் காப்பாற்றுவார், மெக்கானிக் இல்லை என்று டாக்டர். இதற்கு அந்தக் கம்பெனிக்காரனே தேவலை என்று வாத்தியார்.

இவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"இவங்களுக்கு எதைக் கொடுத்தாலும் பிடிக்காதும்மா."